செல்லோ நிற்க ஒரு தோல்

"அக்கா, செல்லோ வழுக்குது. சாயங்காலம் கச்சேரி. செல்லோ நிக்கலைன்னா என் பங்கை விட்டுட்டு சிம்பொனி மட்டும் வாசிச்சிடலாம்னு பிரேம்நாத் சார் சொல்றாரு."

காட்பாடியிலிருந்து போனில் பேசிய தங்கை நிஷா அழாத குறை. செல்லோ பெரிய வயலின் மாதிரி. அடியிலுள்ள இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். அங்கே புது மர மேடை, வழவழவென்று பாலிஷ். அதில் கம்பியைக் குத்தவும் கூடாதாம். அறுபது பேர் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவர் போன வருடம்தான் எழுதிய இசையை வாசிக்கப் போகிறவள் என் தங்கை. அதையா விடுவார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவள் நான். மேனேஜர் லியாகத் அலியிடம் கேட் பாஸ் வாங்கி, பளபளக்கும் முதல் தரத் தோலில் கனமாக ஒரு பட்டை வெட்டிக்கொண்டு ரயிலேறினேன். தங்கைக்கு மட்டமானதைக் கொடுப்பேனா?

காட்பாடி மேடையில், பட்டையின் ஒரு முனையை நாற்காலிக் காலில் கட்டி, மறுமுனையில் கம்பியை ஊன்றினாள் நிஷா. சர்ரென்று வழுக்கியது. குழுவை நடத்தும் பிரேம்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, தரையே தேவலை போல."

பத்தொன்பது வருடமாகத் தோலின் முகத்தையே பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி மழுங்கியிருக்கிறது!

"திருப்பிப் போடுடி. பின்பக்கம் சொரசொரன்னு இருக்கும்."

கஸ்டமர் கண்ணில் காட்டாத பக்கம் அது. கம்பி கப்பென்று நின்றது.

மாலையில் நிஷா வாசித்தாள். செல்லோவின் மரத்தைத் தட்டினாள், தந்தியை உரசினாள், பெருமூச்சு மாதிரி ஓர் ஒலியை இழுத்தாள். இது இசைதானா? பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கோ அடுத்து என்ன வருமென்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு சுரம் தேய்ந்துகொண்டே போனது. எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

இடைவேளைக்குப் பின் நிஷா என் அருகில் வந்து உட்கார்ந்தாள். நூற்றைம்பது வருடப் பழைய சிம்பொனி தொடங்கியது. எவ்வளவு இனிமை! அரங்கமே தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன்.

இதை மட்டும் வாசித்திருந்தாலும் மனசு நிறைந்துதான் ஆம்பூர் திரும்பியிருப்பேன். எதைக் கேட்காமல் போனேன் என்பதே தெரிந்திருக்காது. அதை நினைத்ததும் பயம் வந்தது. நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, என்னோடது பிடிக்கலையா?"

"பாதி புரியலடி. மறுபடி எப்ப வாசிப்ப?"