இருபத்திரண்டுக்குக் கீழே

“பத்தலையேம்மா. இன்னும் ஒண்ணு ஏத்து” என்றார் மேனேஜர் சம்பத்.

யமுனா இருபதை அழித்துவிட்டு இருபத்தொன்று என்று தட்டினாள். அந்த மாதம் இருபத்தொரு நாளுக்குக் குறைவாக வேலைக்கு வந்தவர்களின் பெயரெல்லாம் திரையில் சிவந்தது. மொத்தம் இருபத்தைந்து. ஒடிசாவிலிருந்து முப்பத்தேழு பேர் ரயிலேறியாயிற்று, நாளை மறுநாள் ஹாஸ்டலில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு இடம் வேண்டுமானால் இங்கே கான்ட்ராக்ட் ஆட்களில் முப்பத்தேழு பேரை வேலையிலிருந்து கழித்தாக வேண்டும். வருகைக் கணக்கெல்லாம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

“இருபத்திரெண்டு போடு.”

போட்டாள். முப்பத்தேழு.

“சரிபோயிந்தி! கணக்கு சரியா நிக்குது.” சம்பத் தொடையைத் தட்டினார். “இதான் ரூல். நாலு மணிக்குள்ள செவப்பு மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடும்மா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த வித்தையை அவருக்குக் காட்டிக் கொடுத்ததே யமுனாதான். புத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். நிபந்தனையை ஒரு தடவை எழுதிவிட்டால் எண்ணைப் பார்த்துக் கட்டம் தானே நிறம் மாறும். போன வாரம் அதைச் செய்து காட்டியபோது ஆபீஸே எழுந்து வந்து பார்த்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்குப் புரிந்தது, கடைசியாகச் சிவந்த பெயர்களில் தாட்சாயணி என்று பார்த்ததும். இருபத்தொரு நாள்.

தாட்சாயணி பக்கத்து வீடு. செல்போன் பாகம் கோக்கும் லைனில் நாள் முழுக்க நின்றபடி வேலை. புருஷன் மெட்ராசில் கட்டட வேலைக்குப் போனவன், பணம் அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பிள்ளைகள். அவள் இந்த மாதம் போட்ட ஐந்து லீவில் மூன்று அவளுக்காகப் போட்டதே இல்லை. யமுனாவின் அம்மா செங்கம்மாவுக்குத் திருப்பதி பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். மாதக் கடைசி என்று யமுனாவுக்கு லீவு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார் சம்பத். “நீ வேலைக்குப் போடி, நான் பாத்துக்கினு கீறேன். எனக்கு மட்டும் உங்கம்மா யாரு?” என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் தாட்சாயணி.

யமுனா முதலில் அந்தப் பெயரின் மேல் வெள்ளை வர்ணத்தை ஊற்றிப் பார்த்தாள். சிவப்பு அசையவில்லை. அவளே போட்ட விதியாயிற்றே, கையால் பூசுவதற்கெல்லாம் மசியுமா? ஒன்று விதி மாற வேண்டும், இல்லை எண் மாற வேண்டும். விதியைத் தொட்டால் பன்னிரண்டு பேர் வெளுத்துவிடுவார்கள், சம்பத் கண்டுபிடித்துவிடுவார். தாட்சாயணிக்கு மட்டும் மூன்று நாளைக் கூட்டினால் முப்பத்தாறு. அதுவும் ஆகாது. கடிகாரத்தில் மூன்றே முக்கால்.

பட்டியலில் கீழே இறங்கினாள். அவள் பெயரும் அதில்தான் இருந்தது. ஆபீசில் உட்காரவைத்தார்களே ஒழிய, அவளும் கான்ட்ராக்ட்தான். இருபத்துநாலு நாள். அந்த மூன்று நாள் நியாயமாக யாருடைய லீவு? அம்மாவுக்குத் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை, வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்தி. பைத்தியமா எனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே தன் பெயருக்கு நேரே இருபத்தொன்று என்று தட்டினாள். அவள் வரிசை பளிச்சென்று சிவந்தது.

“அயிந்தா? முடிஞ்சிச்சா?” சம்பத் பின்னால் வந்து நின்றார். திரையின் அடியில் எண்ணிக்கையைப் பார்த்தார். “என்னம்மா முப்பத்தெட்டு காட்டுது? ஒண்ணு ஜாஸ்தியா கீதே?”

“ஒரு எண்ட்ரி தப்பு சார். சரி பண்றேன்.”

“சீக்கிரம்.” அவர் நகரவில்லை. அவர் வாயின் டீ வாசனை காதருகில் அடித்தது.

தன் பெயரை மறுபடி இருபத்துநாலு ஆக்கினால் போதும், முப்பத்தேழு வந்துவிடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, தாட்சாயணிக்கே தெரியாது. யமுனா கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். மேலே ஏறி, தாட்சாயணியின் எண்ணில் இருபத்துநாலு என்று அடித்தாள். அந்த வரிசை வெளுத்தது. அடியில் முப்பத்தேழு.

“ஆங்” என்றார் சம்பத். பிரிண்டரில் கலர் இல்லை, சிவப்பெல்லாம் சாம்பலாக வந்தது. அவர் பெயர்களைப் படிக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்தார்.

ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் சீட்டிலிருந்து தாட்சாயணி கையாட்டினாள். பக்கத்து சீட்டில் துண்டு விரித்து இடம் பிடித்திருந்தாள்.

“எங்கடி போய்ட்ட? இந்த சீட்டுக்கு ரெண்டு பேரு சண்டைக்கே வந்துட்டாளுங்க.” குரலைத் தாழ்த்தினாள். “லிஸ்ட் போட்டுக்கினு கீறாங்களாமே. எம் பேரு கீதாடி?”

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமா.”

“அப்பாடி! மூணு நாளா சோறு துன்ன முடியல.” தாட்சாயணி நெஞ்சைத் தடவிக்கொண்டாள், பிறகு சிரித்தாள். “உனக்கு இன்னாடி கவலை, லிஸ்ட் போடறவளே நீதானே.”

பின்னால் யாரோ இடம் கேட்டு முண்டினார்கள்.

“நிக்கிறியே, ஒக்காரு. நாளைக்கும் நானே எடம் புடிச்சி வெக்கிறேன்” என்று தாட்சாயணி துண்டை உதறி எடுத்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.