கண்டக்டர் சொன்ன ஆமாம்

டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பிள்ளைகளுக்கு மோட்சத்துக்குப் போகும் வழியைக் கற்றுக்கொடுத்துவந்தார். வழி ஒன்றே ஒன்றுதான் என்பதால் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரத்தில் படம் வரைவார்கள். கரும்பலகையில் இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் அதலபாதாளம். அதன் மேல் டீச்சர் ஒரு சிலுவையைப் பாலமாகப் படுக்கவைப்பார். பாலத்தில் ஏறாமல் சுற்றிக்கொண்டு போகலாமா, ஓடிவந்து குதிக்கலாமா, ஹெலிகாப்டர் உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் ஒரே பதில்: உட்காரு.

ஒரு நாள் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி வேறு மாதிரிக் கேட்டாள்.

"டீச்சர், கண்டக்டர் மாமா எந்தப் பக்கம்?"

கண்டக்டர் மாமா என்பவர் டீச்சரின் கணவர். அந்த நிமிஷத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே மதிலோரம், ஸ்கூட்டர் மேல் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் மனைவியைக் கொண்டுவந்து விடுவார், முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். நடுவில் உள்ளே வருவது மட்டும் கிடையாது.

டீச்சர் சாக்பீஸை விரல்களுக்குள் உருட்டினார். "மாமா வந்துகிட்டு இருக்காரு" என்றார்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்டக்டர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார்.

வந்துகொண்டிருந்தவர் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மத்தியானம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். "தைரியமா இருங்க" என்று டாக்டர் சொன்ன விதத்தில் டீச்சருக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தைரியமும் போய்விட்டது. ஆனால் கத்தியை விடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருந்தது. மோட்சத்தில் தனக்கு இடம் உண்டு என்பதில் டீச்சருக்குச் சந்தேகம் இல்லை. அங்கே போய் யாரோடு சண்டை போடுவது என்பதுதான் தெரியவில்லை. அதனால் காலையிலேயே பாஸ்டருக்கு போன் போட்டுவிட்டார்.

"பாஸ்டர் வர்றாரு" என்றார் கணவரிடம்.

"வரட்டும். சும்மா பாக்கவா?"

"ஞானஸ்நானம் கொடுக்க. ஒரு கேள்வி கேப்பாரு. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. உங்க இஷ்டம்தான், கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"கட்டாயம் இல்லைங்கறதை ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றே?"

"உங்களை ஒரு வழி பண்ணாம நான் ஓயப்போறதில்ல."

"உன்கிட்ட இருக்கறதே ஒரு வழிதானே" என்று கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். கீழே சாலையில் ஒரு பஸ் நின்று, நாலைந்து பேரை விழுங்கிக்கொண்டு கிளம்பியது.

முதன்முதலில் இந்த மனுஷனைப் பார்த்ததும் ஒரு பஸ் படியில்தான். அன்றைக்கு டீச்சர் டீச்சராகவில்லை. டீச்சராவதற்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட புடவை, கையில் சர்டிபிகேட் கவர்.

"பெண்கள் பள்ளிக்கூடம் போகுமாங்க?"

"ஆமா ஆமா, ஏறுங்க."

போகவில்லை. பஸ் பாதியில் இடதுபக்கம் திரும்பியது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் டீச்சர் அதே நிறுத்தத்தில், அதே பஸ்ஸுக்காக, பத்ரகாளி மாதிரி நின்றார்.

"நேத்து போகும்னு சொன்னீங்கல்ல?"

"போகும்மா. பஸ்தான் போகாது. ரோடு போகும்."

"என் வேலை போச்சு!"

கண்டக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு அது பொய் என்றே தோன்றியதில்லை. யார் எங்கே போகுமா என்று கேட்டாலும் அவர் போகும் என்பார். எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். "ஆமா ஆமா" என்று இரண்டு தரம் சொல்வார். இரண்டாவது ஆமா முடிவதற்குள் விசில் உதட்டுக்குப் போய்விடும். முதலில் ஏறட்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது விவரம் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம்.

அதற்கு அப்புறம் டீச்சர் எந்த நிறுத்தத்தில் நின்றாலும், பஸ் வரும்போதே படியில் தொங்கியபடி அவர் கத்துவார்: "போகாது! நீங்க ஏறாதீங்க! இது போகாது!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். டீச்சர் ஏற வேண்டிய பஸ்ஸுக்கும் பழக்கதோஷத்தில் ஒரு முறை அப்படிக் கத்திவிட்டு, பின்னாலேயே ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார்.

"கண்டக்டர் உன்கிட்ட வழியறாருடி" என்றாள் கூடப் படித்த தோழி.

"ஏறாதேன்னு கத்தறாரு. இதுல எங்கடி வழியறாரு?"

"ஊருக்கெல்லாம் பொய், உனக்கு மட்டும் நிஜம். இதுக்கு மேல ஒருத்தன் எப்படிடி வழிவான்?"

கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அவிசுவாசியைக் கட்டிக்கொள்ளலாமா என்று சர்ச் பெண்கள் வீடு வரைக்கும் வந்து அழுதார்கள். அழாத ஒரே ஆள் டீச்சர். "கொஞ்ச நாள்ல மாத்திடறேன்" என்று அவர்களுக்குத் தேறுதல் சொல்லி அனுப்பினார்.

மாற்றுவதற்கு அவர் செய்யாதது இல்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு அடியில் துண்டுப் பிரசுரம் மடித்து வைப்பார். சாயங்காலம் டப்பா காலியாக வரும், பிரசுரம் படித்து மடித்தபடி வரும். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்பார் கண்டக்டர்.

"அப்புறம்?"

"எனக்குப் போகாது, டீச்சர்."

எத்தனை தரம் அந்தப் போகாதுக்காக டீச்சர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார்! இப்போது நினைத்தால் அந்த அழுகைகூட நன்றாக இருந்த மாதிரித்தான் இருந்தது. கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஸ்கூட்டர் சீட் சுடுமே என்று, படித்துக்கொண்டிருந்த பேப்பரையே அதன் மேல் விரித்துவைத்திருப்பார். ஒரு நாள் டீச்சர் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்:

"இன்னிக்கு என்ன பாடம்?"

"எப்பவும் உள்ள பாடம்தான்."

"ஹெலிகாப்டர் விடறாங்களா?"

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஜன்னலோரம் நின்று ஒரு வகுப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேப்பர் சும்மா முகத்துக்கு மறைப்பு. அன்றிலிருந்து டீச்சர் பாதாளத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவைக்கு மேல் உயர்த்தினார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்புவதற்குள் பாஸ்டர் வந்துவிட்டார். இளம் வயது, புதுச் சட்டை. ஆஸ்பத்திரியில் வைத்து ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவருக்கு இதுவே முதல் தடவை. கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீரில் அது தெரிந்தது. "மெத்தையில சிந்தாதீங்க, துணி மாத்த ஆள் இல்ல" என்று நர்ஸ் எச்சரித்துவிட்டுப் போனாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ஐயா, இரட்சிப்புக்கு ஆண்டவர் ஒருத்தரே வழி, வேற வழி இல்லன்னு மனசார விசுவாசிக்கிறீங்களா?"

"ஆமா ஆமா" என்றார் கண்டக்டர்.

பார்வை ஜன்னலில் இருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள், எதையோ பிடித்திருப்பது போல, உதட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

பாஸ்டர் "அல்லேலூயா" என்று விரல்களைத் தண்ணீரில் நனைத்தார்.

டீச்சர் பேசாமல் இருந்தால் போதும். இத்தனை வருஷம் முழங்காலில் நின்று கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். சர்ச்சில் இனிமேல் யாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்கமாட்டார்கள். மத்தியானம் என்ன ஆனாலும், நெஞ்சில் கைவைத்து, என் வீட்டுக்காரர் பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். பாஸ்டரின் கை கட்டிலுக்கு மேலே வந்தது.

"நிறுத்துங்க, பாஸ்டர்."

"என்னம்மா?"

"இது நிஜமான ஆமா இல்ல."

"ஐயா அவர் வாயாலேயே சொல்லிட்டாரேம்மா."

"அது பஸ்ல ஆள் ஏத்தற ஆமா. எனக்குத் தெரியும். அதுல ஏமாந்துதான் எனக்கு இவரையே தெரியும்."

பாஸ்டர் நனைந்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். "மனசுல இருக்கறதை ஆண்டவர் பாத்துக்குவாரும்மா."

"பாத்துடுவாரேங்கறதுதான் பாஸ்டர் என் பயம்" என்றார் டீச்சர். "வெளியில டீ நல்லா இருக்கும். தயவுசெஞ்சு ஒண்ணு குடிச்சுட்டு வாங்களேன்."

பாஸ்டர் கிண்ணத்தோடு வெளியே போனார்.

கண்டக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஒருவழியா ஏறிடலாம்னு பாத்தேன். நீயே விசிலடிச்சு இறக்கிவிட்டுட்டே."

"என்கிட்ட பொய் சொல்லமாட்டீங்கல்ல நீங்க?"

"உன்கிட்ட எங்கே சொன்னேன்? அந்தத் தம்பிகிட்டதானே சொன்னேன். நீ வெளியில தனியா உக்காந்திருக்கும்போது மனசு கொஞ்சம் லேசா இருக்கட்டுமேன்னு."

டீச்சர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"பஸ் முன்னாடி போர்டு இருக்கும் பாரு. போற ஊரு பெரிசா எழுதியிருக்கும். கீழே 'வழி'ன்னு போட்டு நடுவுல ஒரு இடத்துப் பேரு இருக்கும். ஏறுனதும் தூங்கறான் பாரு ஒருத்தன், அவன் அந்த இடத்தைக் கண்ணால பாக்கறதே இல்ல. பேருகூடத் தெரியாது. ஆனா அந்த வழியாத்தான் போறான். வேற ரோடே கிடையாது. நீ சொல்ற வழியும் அப்படி இருக்கக் கூடாதா?"

கேட்க இதமாக இருந்தது. வழியும் ஒன்றுதான், தூங்குகிறவனுக்கும் சீட் உண்டு. அவ்வளவு இதமாக இருந்ததாலேயே டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

"இதுவும் ஆள் ஏத்தற பேச்சுதானே?"

"பாதி" என்று ஒத்துக்கொண்டார் கண்டக்டர்.

"மீதி?"

கண்டக்டர் இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தார். "மீதி தெரியல, டீச்சர்."

டீச்சர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். போகும் என்றும் போகாது என்றும் அடித்துச் சொல்லியே உத்தியோகத்தையும் குடித்தனத்தையும் ஓட்டிய மனுஷன். தெரியல என்று அவர் வாயிலிருந்து வந்து டீச்சர் கேட்டதே இல்லை. அந்த ஆமாவை நம்ப முடியாதவருக்கு இந்தத் தெரியலையை நம்ப முடிந்தது.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணு. கூடவே ஆமென் சொல்றேன். ஆனா எனக்கு நிஜமாப் படற இடத்துல மட்டும்தான் சொல்லுவேன். சும்மா இருந்தா கோச்சுக்கக் கூடாது."

தள்ளுவண்டியோடு நர்ஸும் ஓர் ஆளும் வந்து நின்றார்கள். டீச்சர் ஒரு கையை அவர்கள் பக்கம் நீட்டி, வகுப்பில் காட்டுவது போல, பொறு என்று காட்டினார். நர்ஸ் பொறுத்தாள். கண்களை மூடிக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"டாக்டர் கையைத் தடுமாறாம நடத்துங்க, ஆண்டவரே."

"ஆமென்." உடனே வந்தது.

"இவர் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்க."

கொஞ்சம் யோசனை. "ஆமென். ஸ்டாப்புல நிக்காம போனதையும் சேத்து."

"எனக்கு முணுக்குனு வர்ற கோபத்தையும் மன்னிச்சிடுங்க."

"ஆமென்!" இது வராந்தா வரைக்கும் கேட்டது. நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"நீங்க ஒருத்தர்தான் வழி."

சத்தமில்லை. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"எப்ப ஆனாலும் சரி, எங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல சேத்து வைங்க."

ஆமென் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார். பிடித்திருந்த கை அசைந்தது. டீச்சரின் விரல்களுக்கு நடுவே தன் விரல்களை நுழைத்து இறுக்கிக்கொண்டது.

"அதைத் திரும்பச் சொல்லு" என்றார் கண்டக்டர். "கொஞ்சம் மெதுவா."

டீச்சர் திரும்பச் சொன்னார்.