அமெரிக்கனின் விடுதலை விழா

எங்கள் துறைமுக ஊரான பெர்பெராவில் யாரையும் பெற்றோர் வைத்த பெயரால் கூப்பிடுவதில்லை. காலைச் சாய்த்து நடந்தால் நொண்டி, பல் நீண்டிருந்தால் பல்லன். மந்திரியே ஆனாலும் அப்படித்தான். என் கணவர் சமத்தர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வாலிபத்தில் ஒரு கோதுமைக் கப்பலின் மாலுமி எவனோ கொடுத்த தொப்பியை, அது நைந்து உதிரும் வரை தலையிலிருந்து இறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் 'அமெரிக்கன்'. அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று கேட்டால், மக்காவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

ஹிர்சிக்குப் பெயர் 'ரஷ்யன்'. ஒதெஸ்ஸாவில் படித்துவிட்டு வந்து, ஆடுகள் நிழலுக்குச் சண்டை போடுகிற எங்கள் வெயிலில் கம்பளிக் கோட்டோடு திரிந்தவன். கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் அவன்தான், துறைமுகத்தில் முகாம் போட்டிருந்த ரஷ்யர்களுக்கு மொழிபெயர்ப்பாளனும் அவன்தான். துறைமுகத்தில் அமெரிக்க உளவாளிகள் இருக்கிறார்கள், பிடித்துக் கொடு என்று மேலிடம் உத்தரவு போட்டது. தேடி அலைய அவனுக்கு உடம்பு வணங்குமா? ஜன்னலருகே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டான். கீழே எவனோ, "ஏ அமெரிக்கா, அந்த மூட்டையைப் புடி" என்று கத்தினான். வேலை முடிந்தது.

விசாரணையில் துறைமுகக் கூலிகளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அத்தனை பேரும் குர்ஆனில் கை வைத்து, ஆமாம், இவரை அமெரிக்கன் என்றுதான் அழைக்கிறோம், சின்ன வயதிலிருந்தே இவர் அமெரிக்கன்தான் என்று சத்தியம் செய்தார்கள். உண்மையைச் சொல்லிக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த மடையர்கள். பதினைந்து வருடம் சிறை என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். சிறையில் போய்ப் பார்க்கவும் தடை. நான் துறைமுக வாசலில் லஹோஹ் தோசை சுட்டு விற்று மகள் உபாவை வளர்த்தேன்.

பிறகு எத்தியோப்பியாவோடு சண்டை வந்தது. எங்களுக்குத் துப்பாக்கி கொடுத்துக்கொண்டிருந்த ரஷ்யர்கள், நாங்கள் யாரைச் சுட்டோமோ அவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். வியாபாரம் என்றால் இப்படிச் செய்ய வேண்டும். நாட்டை ஆளும் எங்கள் பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து, ஒரே வாரத்தில் வெளியேறுங்கள், இனி அமெரிக்காதான் நமக்கு நண்பன் என்றார். போகிறவர்கள் விளக்கு, குழாய், கதவின் தாழ்ப்பாள் வரை கழற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது ஹிர்சியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அவனா அசருவான்? கோட்டைத் தூக்கியெறிந்தான். எங்கிருந்தோ ஒரு பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் முளைத்தன. இனி எல்லோரும் தன்னை 'மிஸ்டர்' என்று கூப்பிட வேண்டுமென்று இரண்டு கிடா வெட்டி ஊருக்கே விருந்து வைத்தான். ஊர் வயிறு முட்டத் தின்றது. போகும்போது ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து, "கறி பிரமாதம், ரஷ்யா" என்றார்கள்.

எனக்கு மட்டும் அந்த நாட்களில் நெஞ்சு லேசாயிருந்தது. அமெரிக்கன் என்று உள்ளே போட்டார்கள், இப்போது அமெரிக்காதான் நமக்குச் சொந்தக்காரன், இனி எதற்கு வைத்திருப்பார்கள் என்று பைத்தியக்காரி மாதிரி கணக்குப் போட்டேன். ஹிர்சியிடமே போய்க் கேட்டேன். கொஞ்சம் பொறு அக்கா, நல்லபடியா நடக்கும் என்றான். கண்ணாடிக்குள் அவன் கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

அமெரிக்கக் குழு ஒன்று துறைமுகத்தையும் ரஷ்யர்கள் போட்ட விமானத் தளத்தையும் பார்க்க வருகிறது என்றார்கள். பெண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்த நண்பனே என்று பாடிக்கொண்டிருந்தோம், இப்போது மேற்கிலிருந்து வந்த நண்பனே என்று பாடச் சொன்னார்கள். மெட்டு அதேதான், கைதட்டலும் அதேதான். அப்போது ஒரு லாரி வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கையில் விலங்கோடு என் சமத்தரை இறக்கினார்கள். பாதியாக இளைத்திருந்தார். பாட்டை விட்டுவிட்டுக் கதறி அழுதேன். யாரும் தடுக்கவில்லை. புகைப்படக்காரன் எனக்கு அருகே வந்து நின்றுகொண்டான்.

ஹிர்சி அவரைப் பேசச் சொன்னான். சமத்தர், குழுவுக்குத் தலைவராக வந்திருந்த அமெரிக்க விருந்தாளியை நேராகப் பார்த்தார்.

"ஐயா, எனக்கு அமெரிக்காவும் தெரியாது, ரஷ்யாவும் தெரியாது. நான் மூட்டை தூக்குறவன். இதோ நிக்கிறானே, இந்த ஹிர்சி, இவன்தான் என்னப் புடிச்சுக் குடுத்தான். என்னை வீட்டுக்கு விடச் சொல்லுங்க."

ஹிர்சி அதை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிச் சொன்னான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஹிர்சி என்ற பெயர் அதில் ஒருமுறைகூட வரவில்லை, அமெரிக்கா என்பது வந்துகொண்டே இருந்தது. விருந்தாளிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே விலங்கைத் திறந்து, சமத்தரைக் கட்டிக்கொண்டார். ஊர் கைதட்டியது.

நான் வீட்டுக்கு ஓடி ஆட்டுக்கறி சமைத்தேன், பாயை உதறிப் போட்டேன். பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. விருந்தாளிகளின் விமானம் ஏறியதும் அவரை அதே லாரியில் திருப்பி ஏற்றிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஹிர்சியின் வாசலில் போய் நின்று, ஏன்டா என்று கேட்டேன். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

"அடுத்த மாசம் இன்னொரு குழு வருதுக்கா. அவங்கதான் பணம் குடுக்கிறவங்க. ரஷ்யாக்காரன் காலத்துல அமெரிக்காவுக்காகக் கஷ்டப்பட்டவன்னு காட்ட நம்மகிட்ட வேற ஆள் இல்ல. வெளிய விட்டுட்டா அப்புறம் எப்படி விடுதலை பண்றது? உள்ள இருந்தாத்தானே விடலாம்?"

காறித் துப்பினேன். பூப்போட்ட சட்டை நல்ல சட்டை, ஒரு மடிப்பும் கலையவில்லை. அடுத்த முறை நீ இன்னும் கொஞ்சம் சத்தமா அழணும்கா, முதல் தடவை நல்லா இருந்துச்சு என்று சொல்லி அனுப்பினான்.

அடுத்த முறையும் லாரி வந்தது, வெள்ளைச் சட்டை வந்தது. சமத்தர் இந்தத் தடவை விருந்தாளியைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தபடி, "கூரை ஒழுகுதா, தஹபோ? உபாவுக்கு எப்பக் கல்யாணம்? இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறியா?" என்றார். ஹிர்சி அதற்கும் சுதந்திரம், தியாகம் என்று ஏதோ அளந்தான். எது சொன்னாலும் அவன் சொல்வதைத்தான் சொல்வான் என்று என் கணவருக்குப் புரிந்துவிட்டது. நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதுபோல் ராகம் போட்டேன். கூரை வேய்ந்தாகிவிட்டது, உபாவுக்கு ரமலான் முடிந்ததும் கல்யாணம், மாப்பிள்ளை ஆட்டு வியாபாரி, குடிக்கமாட்டான் என்று இழுத்து இழுத்துப் பாடினேன். விருந்தாளிப் பெண்மணி ஒருத்தி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். சமத்தர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலம்!

இப்போது என் வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல? அமெரிக்கர்கள் எப்போது வருவார்கள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விமானச் சத்தம் கேட்டால் நல்ல சால்வையைத் தேடுகிறேன். போன வாரம் மறுபடி வந்தார்கள். உபாவுக்கு ஆண் குழந்தை, மூக்கு உங்களுடையதேதான் என்று பாடினேன். விலங்கைத் திறந்த கையை விலக்கிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நன்றியில் அழுகிறான் என்று ஹிர்சி சொல்லியிருப்பான், கைதட்டல் அப்படி இருந்தது.

உன் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்களாமே என்று ஹர்கெய்சாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். மூன்று தடவை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.