நாற்காலி கேட்ட மன்னிப்பு

மகள் வரச் சொல்லியிருக்கிறாள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாகப் போனை எடுக்காதவள், பேத்தி பிறந்த சேதியைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வாயால் தெரிந்துகொள்ளும்படி விட்டவள். அவள் போய்வருகிற மனநல ஆலோசகரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "உங்க பொண்ணு உங்களோட ஒரு தடவை உக்காந்து பேசணும்னு சொல்றாங்க" என்றாள். அம்மா ஒரு குத்தல்கூடச் சேர்க்காமல் "வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளைத் தெரிந்தவர்கள் கேட்டிருந்தால் உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்திருப்பார்கள்.

தபால் அலுவலகக் கவுன்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவள் அவள். முகவரி எழுதத் தெரியாமல் முழிப்பவனை வரிசையே சிரிக்கும்படி நாலு கேள்வி கேட்டுத்தான் அனுப்புவாள். கவுன்ட்டர்க் கண்ணாடிக்கு அவள் பக்கத்திலிருந்து மன்னிப்பு ஒருநாளும் போனதில்லை. அப்படிப்பட்டவள் பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள்: "தப்புதான். என் மேலதான் தப்பு." பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தாள்.

தப்பு என்ன என்பது அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், அந்தக் காலத்தில் தெருவுக்கே தெரியும். மகளுக்குப் படுக்கையை நனைக்கிற பழக்கம் இருந்தது. அம்மா அந்த விரிப்பைத் துவைக்காமல், கறை பளிச்சென்று தெரிகிற மாதிரி, தெருவைப் பார்த்த பால்கனிக் கம்பியில் தொங்கவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். மகளுக்கு 'குளம்' என்று பெயர் வைத்தார்கள். "குளம் வருது, ஒதுங்குங்கடா" என்பார்கள். வெட்கத்தில் பழக்கம் நின்றுவிடும் என்று அம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள். மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை, விரிப்பும் இறங்கவில்லை.

ஆலோசகரின் அறையில் இரண்டு சோபா, கைக்கெட்டும் இடத்தில் காகிதக் கைக்குட்டை, வந்தவர்கள் கண்ணில் படாமல் அவர் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு கடிகாரம். நடுவில் ஒரு மர நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆலோசகர் பேசுவது தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இருந்தது. அம்மா மனசுக்குள் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

மகள் சோபாவில் இருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. 'என்னடி இது கோலம்' என்பது அம்மாவின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"உங்க பொண்ணு ரொம்ப உழைச்சிருக்காங்கம்மா" என்றார் பஞ்சு. "இந்தக் காலி நாற்காலியில நீங்க இருக்கறதா நெனச்சு மனசுல உள்ளதையெல்லாம் கொட்டுவாங்க. அப்புறம் அவங்களே எழுந்து அதுல உக்காந்து, நீங்களா இருந்து பதில் சொல்லுவாங்க."

"நானா இருந்தா?"

"ஆமா. இது எங்க தொழில்ல ஒரு முறை."

மகள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "நீ மன்னிப்புக் கேட்டுட்டம்மா. நானும் மன்னிச்சுட்டேன்."

பஸ்ஸில் அத்தனை தூரம் சுமந்து வந்ததை யாரோ முன்னாடியே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நான் என்ன சொன்னேன்?"

மகள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்காத அந்தக் கண்கள் அதைப் பார்த்ததும் கனிந்துவிட்டன. "'உன்னை அவமானப்படுத்தணும்னு செய்யல கண்ணு. வேற வழி தெரியல. ராத்திரி நீ தூங்கினதும் உன் தலையைத் தடவிக்கிட்டே அழுவேன்'னு சொன்னே." அம்மா பக்கம் திரும்பினாள். "அது நிஜந்தானேம்மா? ஆமான்னு உன் வாயால ஒரு தடவை சொல்லு. அது போதும் எனக்கு. ஞாயித்துக்கிழமை பாப்பாவைத் தூக்கிட்டு வர்றேன்."

ஒரே ஒரு 'ஆமா'. தலையை ஆட்டினால்கூடப் போதும், பேத்தி மடியில் இருப்பாள். பஞ்சு உற்சாகப்படுத்துகிற மாதிரி முன்னால் சாய்ந்தார். அங்கேதான் அவர் கெடுத்தார். "மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்கம்மா. இங்க யாரும் யாரையும் எடைபோட மாட்டாங்க" என்றார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற வார்த்தை. அதை ஒருத்தி நம்பித் தொலைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அந்த நாற்காலிக்காரி மேல் வயிறு எரிந்தது. தலையைத் தடவினாளாம், அழுதாளாம். தலையாட்டினால் அவளுக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு ஆயுசுக்கும் அவள் வேஷத்தைப் போட வேண்டும். அதோடு, இந்தப் பெண்ணிடம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் உண்மையாகவே ஆசைப்பட்டாள்.

"நான் அழல" என்றாள். "நல்லாத்தான் தூங்குனேன்."

மகள் எட்டி ஒரு காகிதக் கைக்குட்டையை உருவினாள்.

"வேணும்னேதான் செஞ்சேன். உங்கப்பா என்னை விட்டுட்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போனாரு. ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது. சிரிக்கறதுக்கு வேற ஆளைக் காட்டணும்போல இருந்துச்சு, நீ கையில கிடைச்சே. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடுறத ஜன்னல்ல நின்னு பாப்பேன். பாக்க நல்லா இருந்துச்சுடி. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன். என்னை மன்னிச்சுடு."

அவள் குரல் உடைந்தது. கவுன்ட்டரிலும் வீட்டிலும் யாரும் கேட்டிராத குரல். அந்த அறையில் அதுவரை கேட்கப்பட்டதில் அது ஒன்றுதான் அசல் மன்னிப்பு. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

மகள் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "சார், இவங்களை வெளிய உக்கார வைங்க. நான் எங்கம்மாகிட்டப் பேசணும்."

பஞ்சு தயங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

வெளியே கதவோரத்து நாற்காலியில் அம்மாவை உட்காரச் சொன்னார்கள். உள்ளே விசும்பல் கேட்டது. "அம்மா, அவங்க சொன்னதைக் கேட்டியா?" சின்ன வயதில் ஜுரம் வந்தால் மட்டும் வருகிற குரல் அது. எழுந்து மர நாற்காலிக்கு மாறி உட்காருகிற சத்தம். அப்புறம் அம்மாவின் இழுவையை அப்படியே எடுத்துக்கொண்டு அதே தொண்டை பேசியது: "அழாதே கண்ணு, நான் இருக்கேன்ல." அம்மா தன்னை அறியாமல் எழுந்து கதவில் கை வைத்தாள்.

"ஒட்டுக் கேக்கக் கூடாதும்மா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். உள்ளே பேசுவது வெளியே வராமல் இருக்க, வாசலில் ஒரு சின்ன இயந்திரம் மழை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவள் வந்து அதன் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாள். மகள் ஏதோ கேட்டாள். அதற்கு அம்மா என்ன சொன்னாள் என்பது வெளியே நின்றவளுக்குக் கேட்கவில்லை.