கேட்டது கிடைக்காமல் இறக்கமில்லை

கவிதையாம் கவிதை! ஒழுங்காக நாலு வார்த்தை எழுதத் தெரியாதா இந்தப் பயலுக்கு? எழிலரசி போனில் அதை மறுபடியும் படித்தாள். தம்பி அறிவுச்செல்வன் அரசுத் தேர்வைக் கோட்டைவிட்டுக் கூத்துக்காரர்களோடு சுற்றுகிறான் என்று அப்பா கோதண்டராமன், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று கத்தியிருந்தார். முந்தாநாள் வீட்டைவிட்டுப் போனவன் இன்று காலையில் இதை அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டான்:

படிக்கொரு பாட்டாய் ஏறுகிறேன்.
கீழே மடிகள் காத்திருக்கும்,
எலுமிச்சை யாருக்கோ.
கேட்டது கிடைக்காமல் இறக்கமில்லை.

"மலைக்குத்தான் போயிருக்கான்" என்றார் அப்பா. திருவண்ணாமலையில் ஏறுவது என்றால் வேறென்ன? வேங்கிக்கால் வீட்டு மாடியில் நின்று மலையையே பார்த்தார். "இறக்கமில்லைனு எழுதிட்டானேம்மா. நானே தொரத்திட்டேன்" என்று உடைந்து அழுதார். அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை.

போலீசுக்குப் போகச் செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையில் ஏது மடி, ஏது எலுமிச்சை?

"அப்பா, இது மலையே இல்லப்பா. தபசு மரம்! அம்மா ஊர்ல இன்னிக்குதான தபசு?"

பாரதக் கூத்தில் தவம் செய்பவன் பனை உயர மரத்தில் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சை வீசுவான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்துவார்கள். வரம் கிடைத்ததும் ஏறியவன் பத்திரமாக இறங்கிவிடுவான். இறங்காத தபசை யார் பார்த்தார்கள்? அப்பாடா! எழிலரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கீழ்பென்னாத்தூர் தாண்டி அம்மா ஊரில் ஆட்டோ நின்றபோது வேஷம் கட்டியவன் உச்சியில் இருந்தான். முகமெல்லாம் அரிதாரம். ஆனால் குரல் அவனுடையதுதான்.

"பாவி, உயிரே போயிடுச்சிடா" என்று முணுமுணுத்தாள்.

அப்பா நேரே போய்ப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து துண்டை விரித்தார்.

"பெரியவரே, உங்களுக்கு எதுக்குங்க புள்ள வரம்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"என் புள்ளையதாம்மா கேக்குறேன்."

மேலே பாட்டு தடுமாறி நின்றது. அப்பா கழுத்தை நிமிர்த்திக் கத்தினார்:

"நீ கேட்டத குடுத்துட்டேன்டா. கூத்தே ஆடு. பாத்து எறங்கி வா!"

எலுமிச்சை துண்டில் வந்து விழுந்தது.