கமிஷனரின் தொப்பி

சமையல் குடிசையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் தாகே பதுங்கியிருந்தான். ஒளித்து வைத்தவள் மோகியா. காலையில் அவன் ஓட்டிய காப்பி லாரி, அக்கரை ஒல்காய் குலத்தான் ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டது. தாகே அவளுக்குக் கொழுந்தன் மகன்தான் என்றாலும், தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். விட்டுவிடுவாளா?

குலத்தார் யாரும் பதறவில்லை. "நம்ம கௌபா நாட்டுக்கே போலீஸ் கமிஷனர். பின்ன சுதந்திரம் எதுக்கு வந்துச்சாம்?" என்று சிரித்தார்கள். பாலத்துக்கு அப்பால் ஒல்காய்காரர்கள் பழிவாங்கும் சண்டைக்காக முகத்திலும் கையிலும் கரி பூசி, வில்லோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கௌபா மோகியாவின் புருஷன். வெள்ளைக்காரன் காலத்தில் வெறுங்காலோடு போலீசில் சேர்ந்தவன். உள்ளூர் ஆளுக்கு அன்று பூட்ஸ் கிடையாது. துரைகளுக்குப் பின்னால் அரிசிப் பெட்டி சுமந்து மலை மலையாக ஏறியவன், தலைநகரில் புதுக்கொடி ஏறிய அன்று அணிவகுப்புக்கு முன்னால் பூட்ஸ் சத்தம் கேட்க நடந்தான். அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் நெஞ்சு விம்மும்.

மதியம் விமானத்தில் வந்து இறங்கியவன் நேராக வீட்டு வாசலுக்கு வந்தான். முழு உடுப்பு.

"தாகே எங்க?"

"என்னைக் கேட்டா?"

"பொய் சொல்லும்போது தரையைப் பாக்காதடி."

"அவனைப் புடிச்சு உள்ள போட்டா நம்ம சனம் நம்ம மூஞ்சியில முழிக்காது, தெரியுமில்ல?"

"போடலைன்னா எந்தச் சண்டைக்கு நடுவுலயும் நான் போய் நிக்க முடியாது. 'நீ உன் வீட்டுப் பையனை மறைச்சவன்தானே'ன்னு கேப்பான். அப்புறம் இந்தச் சட்டை உனக்குக் கரித்துணிக்குத்தான் ஆகும்."

தாகே குடிசைக்குள் இருப்பது அவனுக்குத் தெரியும். இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். ஆனால் அவன் நகரவில்லை, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். அதுதான் அவளை உலுக்கிவிட்டது. கையைப் பிடித்துத் தாகேயை வெளியே கூட்டிவந்தாள். "வாடா. பெரியம்மா மாதிரி இல்ல, பெத்தவ மாதிரி கூடவே வர்றேன்." பிறகு, விருந்துக்கென்று ஊட்டி வளர்த்த பெரிய பன்றியை, குல வழக்கப்படி போன உயிருக்கு ஈடாகக் கொடுக்க அவிழ்த்துக் கயிற்றோடு நடந்தாள்.

பாலத்தில் எல்லார் கண்ணெதிரிலும் கௌபா தாகேயைக் கைது செய்து ஜீப்பில் ஏற்றினான். "குலத்துரோகி!" என்று சொந்த சனமே கத்தியது. அவன் மோகியாவிடமிருந்து பன்றிக் கயிற்றை வாங்கி ஒல்காய்காரர்களிடம் நீட்டியபோது, செத்தவனின் அண்ணன் மொண்டோ எழுந்தான்.

"சர்க்கார் பன்னி எங்களுக்கு எதுக்கு? எங்க வாயை அடைக்கவா?"

கௌபா சட்டையைக் கழற்றி மோகியாவிடம் கொடுத்தான். தொப்பியை மொண்டோவிடமே நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் புடிச்சுக்கோ. இப்ப நான் கமிஷனர் இல்ல. பையனோட பெரியப்பன்."

வெறும் மார்போடு வில்லுகளுக்கு முன்னால் நின்று, செத்தவனுக்காக வாய்விட்டு அழுதான். ஒரே ஒரு கிறுக்கன் அம்பு விட்டால் போதும். யாரும் வில்லைத் தொடவில்லை.

மொண்டோ கயிற்றை வாங்கிக்கொண்டான். தொப்பியில் தன் கைக்கரி ஒட்டியிருப்பதைக் கண்டு முழங்கையால் துடைத்தான்.

"குனிய்யா, எனக்கு எட்டல." தொப்பியை அவனே கௌபாவின் தலையில் வைத்தான். "இது இனி எங்களுதும்தான். அழுக்காக்கிடாத."

சட்டையில்லாமல் தொப்பியோடு நின்ற புருஷனைப் பார்த்து மோகியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கொடி ஏறிய அன்றுகூட அவளுக்கு இத்தனை பெருமை இருந்ததில்லை. சட்டையை அவன் தோளில் போட்டுவிட்டு, ஜீப்பில் தாகேயின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.