கஜனி வீட்டுக் கென்டியா

அந்தக் கென்டியாவைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. பனையாம், அதுவும் ஹாலுக்குள் வளர்க்கிற பனையாம்! பல்லேகலவில் வேலை செய்கிற என் மகன் சஞ்சீவ், அதை நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எனக்குத்தான் என்று நினைத்துக் கதவை அகலத் திறந்தேன். அவன் நேரே பக்கத்து வீட்டுக்குள் போனான். சித்திக்குப் பிறந்தநாளாம். என் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டான், அவ்வளவுதான்.

கஜனி என் கொழுந்தனின் மனைவி. அம்பிட்டியவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். வேலை விட்டு வந்தால் சஞ்சீவ் முதலில் அங்கேதான் தேத்தண்ணி குடிப்பான். பெற்றவள் நான் அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

"வெயில் மட்டும் படவே கூடாது சித்தி, கருகிரும்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

கஜனி மாநகர சபையில் கிளார்க். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், சாவி என்னிடம் இருக்கும். தினமும் பத்து மணிக்கு அந்தப் பூச்சாடியைத் தூக்கிப் பின்முற்றத்து வெயிலில் வைத்தேன். மூன்று மணிக்குத் திரும்பவும் ஹாலில், அதே இடத்தில். இடுப்பு விட்டுப்போனது, பரவாயில்லை. இரண்டு கிழமையில் ஓலையெல்லாம் பழுப்பு.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் கஜனி கூப்பிட்டாள். "அக்கா, யாரோ கண்ணு வச்சிட்டாங்க. மூத்தவங்க நீங்கதான் சுத்திப் போடணும்."

செடிக்கா! சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். ஒரு பிடி உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றினேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு" என்னும்போது நாக்கு தடுக்கியது.

சிரட்டைத் தணலில் போட்டேன். நெடி ஏறி இருமல் வந்தால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் பட்டது பெரிய கண். மிளகாய் படபடவென்று எரிந்தது. பாழாய்ப்போன நெடி மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களாக்கா? மூக்குல ஏறவே இல்ல" என்றாள் கஜனி. "யாரோ கிட்டத்துல இருக்கிறவங்கதான்."

வேலை விட்டு வந்து அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சஞ்சீவ், ஓலையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "இது வெயில் பட்ட மாதிரி இருக்கேம்மா."

சட்டென்று இருமினேன். பொய் இருமல்தான், வேறு என்ன செய்வது?

அவன் ஓலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். "அம்மாவுக்கு நெடி ஏறிருச்சு! சித்தி, ஓடிப்போய் தண்ணி கொண்டாங்க!"

கஜனி ஓடினாள். அவன் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். அந்தக் கை என்மேல் பட்டு எத்தனை வருஷம்! கஜனி தண்ணீரை நீட்டினாள். நான் வாங்கவில்லை. இன்னும் பலமாக இருமினேன்.